பரஞ்சோதிக்குக் கொடுத்தது

ஒரு விடுகதை போடுகிறேன்.

முதுகில் ஏறி உட்காரும். கையால் எடுத்து எறிய முடியாது. படுத்துக் கிடந்தால் கொழுக்கும். அடுத்தவன் முதுகைப் பார்த்தால் இன்னும் கனக்கும்.

அது என்ன?

அவசரம் வேண்டாம். சாரங்கனும் தனக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்தான்.

*

"பரஞ்சோதிக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுங்க" என்றான் சாரங்கன்.

குன்றத்தம்மாள் சுனைக்கரையில் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே சின்னக் குன்று. அதன் மேல் ஒரு சுனை, ஒரு குடிசை, அவள். மனக்கஷ்டம் என்றாலும் உடம்புக் கஷ்டம் என்றாலும் ஊரார் படியேறி அவளிடம்தான் வருவார்கள்.

அவள் சாரங்கனைவிட வயதில் இளையவள். அவளை அம்மா என்று கூப்பிடுவதே அவனுக்குக் கசந்தது.

"பரஞ்சோதிக்கு நான் என்ன கொடுத்தேன்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இத்தனை படி ஏறி வரேன்?"

"ஏறி வந்தாயா?"

"ஆமாம்."

"நல்லது" என்று அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

*

சாரங்கன் கோயிலில் பல்லக்குத் தூக்குகிறவன். வலப்பக்கத்து முன்தண்டு அவனுடையது. ஊர்வலம் முடிந்ததும் முதல் மாலை அந்தத் தண்டுக்காரனுக்குத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இடுப்புக்கு மேலே ஒருநாள் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார். "எலும்பு நரம்பு எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்படாதே" என்றார். "மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்காதே. நட. உடம்பை அசை."

முதுகு வலிக்கிறது என்று போனவனை நடக்கச் சொல்கிறவர் ஒரு டாக்டரா? சாரங்கன் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினான். வயிறு எரிந்தது. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பலகையில் படுத்தான். படுத்தவன் படுத்தவன்தான்.

இடப்பக்கத்து முன்தண்டுக்காரன் பரஞ்சோதி. அவனுக்கும் முதுகு பிடித்தது. அவன் குன்றுக்குப் போனான். திரும்பி வந்தான். இப்போது வலப்பக்கத்துத் தண்டு அவன் தோளில் இருக்கிறது.

அதைக்கூட சாரங்கன் பொறுத்துக்கொண்டிருப்பான்.

சாரங்கனுக்கு ஒரே மகள், கோதை. போன திருவிழாவில், பரஞ்சோதிக்குத் தண்டு முறை இல்லாத ஒரு நாள், அவள் சாமி பார்த்தது அவன் தோளில் ஏறிக்கொண்டு. அப்பா வாசலில் பலகையில் படுத்திருந்தான். மகள் உயரத்திலிருந்து அவனைப் பார்த்துக் கையாட்டினாள்.

தட்டான் பொன்னை உரசிப் பார்ப்பதுபோல அன்று அவன் பரஞ்சோதியின் முதுகைப் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

*

"நடந்து காட்டு" என்றாள் குன்றத்தம்மாள்.

நடந்தான்.

"வலத்தோள் ஏன் மேலே நிற்கிறது?"

"பழக்கம்."

"என்ன பழக்கம்?"

சாரங்கன் தயங்கினான். பல்லக்குக்கு ஆள் எடுக்கும்போது தோளோடு தோள் வைத்துக் கயிறு பிடித்து அளப்பார்கள். எல்லாத் தோளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். யார் தோள் உயர்கிறதோ அவன்மேல்தான் கனம் இறங்கும்.

சாரங்கன் தன் தோளை ஒரு விரல் கனத்துக்கு உயர்த்திப் பிடிப்பான். வேண்டுமென்றேதான். ஊர்வலம் முடிந்து டீக்கடையில் பரஞ்சோதியைப் பார்த்துச் சொல்வான்: "நீ சும்மா தொட்டுக்கிட்டு வந்தேடா. சாமி என் மேலதான் வந்தாரு."

அதை அவளிடம் சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

குன்றத்தம்மாள் அவன் வலத்தோளின் மேலிருந்த வெற்று வெளியைப் பார்த்தாள்.

"இப்போது பல்லக்கு எங்கே?"

சாரங்கன் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான்.

"காலையில் வா. வரும்போது உன் கவைக்கோலைக் கொண்டு வா."

*

காலையில் அவன் கோலோடு வந்தான். கோதையும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

குன்றத்தம்மாள் கோலை வாங்கினாள். நுனியில் கவை பிரிந்த வைரம் பாய்ந்த கோல்.

"இது எதற்கு?"

"சாமி நிக்கிற இடத்துல தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுப்போம். தோளுக்கு ஓய்வு."

"தோள் ஓய்ந்துபோன பிறகு கொடுப்பீர்களா?"

"அப்புறம் கொடுத்தா கை நடுங்கும். சாமி சரிஞ்சிடுவாரு. தோள் கேக்கறதுக்கு முந்தியே கொடுத்துடணும்."

அவள் கோலை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிசைக்குள் போனாள்.

சாரங்கன் நின்றான். வெயில் ஏறியது. மருந்து வரும் என்று பார்த்தான். வரவில்லை.

இறங்கும் வழியில், பாதிப் படியில் சட்டென்று நின்றான். கோலை ஊன்றி உட்கார்ந்தான்.

"வலிக்குதாப்பா?" என்றாள் கோதை.

"இல்ல."

"அப்புறம் ஏன் உக்கார்றே?"

"வலிக்கலையே, அதான்."

கோதை யோசித்தாள். "பள்ளிக்கூடத்துலயும் இப்படி விட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

*

அன்றிலிருந்து தினமும் நடந்தான். புளியமரம் வரை நடந்து உட்கார்வான். பிறகு மதகு வரை. வலியைக் கேட்டு நிற்கவில்லை. மரத்தையும் மதகையும் பார்த்து நின்றான். இடுப்புத் துணியைக் கோதை ஊஞ்சல் கட்ட எடுத்துக்கொண்டாள். பலகை பாத்திரம் அடுக்கச் சமையல்கட்டுக்குப் போனது.

சுனைக்கரையில் உருண்டைக் கற்கள் வரிசையாகக் கிடந்தன. சின்னது தேங்காய் அளவு. அடுத்தடுத்தது பெரியது.

"முட்டியை மடக்கு. கல்லை வயிற்றோடு சேர். தொடையால் எழுந்திரு" என்றாள் குன்றத்தம்மாள்.

தேங்காய்க் கல்லைத் தூக்கினான். வெட்கமாக இருந்தது. சாமியைத் தூக்கிய தோள்.

"பரஞ்சோதியும் இதுலதான் ஆரம்பிச்சானா?"

"தூக்கு."

"எந்தக் கல்லுல முடிச்சான்?"

அவள் வரிசையின் நடுவில் ஒரு கல்லைக் காட்டினாள். "உன் மகள் இந்தக் கனம் இருப்பாள்" என்றாள்.

அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் குன்றத்தம்மாள் கீழே பூப்பறிக்கப் போயிருந்தாள். கோதை சுனையோரத்தில் தட்டையாகக் கிடந்த ஒரு பெரிய கல்லின் மேல் ஏறி நின்றாள்.

"பரஞ்சோதி மாமா இதைத் தூக்கினாராம்ப்பா! அவரே சொன்னாரு."

சாரங்கன் அந்தக் கல்லைப் பார்த்தான். மகளின் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்தான்.

"இறங்கு" என்றான்.

கல் அசையவில்லை. முதுகுதான் அசைந்தது.

*

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனை வீடு சேர்த்தார்கள். குன்றத்தம்மாள் ஒரு செய்தி சொல்லியனுப்பினாள்: படுக்காதே, முற்றத்துக்குள்ளாவது நட.

முனகிக்கொண்டே நடந்தான். ஒரு வாரம் கழித்துப் படியேறினான்.

"எந்தக் கல்?"

காட்டினான்.

"அது நான் துணி துவைக்கிற கல். மலையோடு ஒட்டியது."

"பரஞ்சோதி தூக்கினதா..."

"பிள்ளைக்குக் கதை சொல்லியிருப்பான்."

சாரங்கனுக்குக் காது சிவந்தது. குன்றத்தம்மாள் சிரிக்கவில்லை. தேங்காய்க் கல்லைக் காலால் உருட்டி அவன் முன்னால் விட்டாள்.

கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "வலி மறுபடி வந்தா என்ன செய்ய?"

"வந்தவரை உட்காரச் சொல். நீ உன் வேலையைப் பார்."

"போகவே போகாதா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?" அவனுக்குக் கோபம் வந்தது. "அப்போ உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் சுனைக்கரையிலிருந்து எழுந்தாள். ஒரு கையை முட்டியில் ஊன்றி, மூச்சு விட்டு, மெதுவாக நிமிர்ந்து எழுந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் எழுவாள். அவன் இன்றுதான் பார்த்தான்.

"உங்களுக்குமா?"

"இன்று காலைகூட வந்தது" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனாள்.

*

மழைக்காலம் போனது. ஒருநாள் விடிந்ததும் அவன் மேலே வந்தபோது, சுனைக்கரையில் வேறொருவன் குந்தியிருந்தான். முட்டியை மடக்கி, கல்லை வயிற்றோடு சேர்த்து, தொடையால் எழுந்தான்.

பரஞ்சோதி.

கையில் தேங்காய்க் கல்.

சாரங்கன் அந்தக் கல்லையே பார்த்தான்.

"என்னடா இது?"

"வாங்கண்ணே. போன வாரம் மறுபடி பிடிச்சுக்கிச்சு. திரும்பவும் அரிச்சுவடி." பரஞ்சோதி கல்லை இறக்கினான். "நீங்க எதுல இருக்கீங்க?"

"அதுக்கு அடுத்ததுக்கு அடுத்தது."

பரஞ்சோதியின் முகம் சுருங்கியது. சாரங்கனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

"உனக்குத்தான் வலி போயிடுச்சே?"

"யாரு சொன்னா?"

"ஊர்வலத்துல தண்டைத் தூக்கிட்டுப் போறியே?"

"பாதித் தெரு வரைக்கும் தூக்குவேன். அப்புறம் ஆள் மாத்திக்குவேன். அம்மாகிட்ட வந்தப்புறம் அப்படித்தான்."

"நான் பாக்கலையே."

"எப்படிப் பாப்பீங்க? உங்க வீடு தெரு முனையில. அதைத் தாண்டினப்புறம் யாரு தூக்கினாங்கன்னு எந்திரிச்சு வந்து பாத்தீங்களா?"

சாரங்கன் தன் கல்லைக் காலால் உருட்டினான்.

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. போன திருவிழாவுல கோதையைத் தூக்கினேனே, கொஞ்ச நேரத்துல இறக்கிவிடணும்னுதான் இருந்தேன். நீங்க பலகையில படுத்து என் முதுகையே முறைச்சீங்க பாருங்க, இறக்கிவிட வெக்கமாப் போச்சு. சாமி கோயிலுக்குள்ள போறவரைக்கும் சுமந்தேன். மறுநாள் நான் எந்திரிக்கல."

"எனக்குத் தெரியாதேடா."

"தெரிஞ்சா சந்தோஷப்பட்டிருப்பீங்க."

சாரங்கன் பொய் சொல்லவில்லை. "ஆமாம்" என்றான்.

இருவரும் குந்தினார்கள். ஆளுக்கு ஒரு கல். செடிகளுக்கு நடுவிலிருந்து குன்றத்தம்மாள் அவர்களைப் பார்த்தாள். நாலு தோளும் ஒரே உயரத்தில் எழுந்தன. அவள் மறுபடி குடத்தைச் சரித்தாள்.

*

திருவிழா வந்தது.

சாரங்கன் இன்னும் தண்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் வரிசையின் நடுவில் கிடந்த கல்லைத் தூக்கிவிட்டான். மகள் கனத்துக் கல். அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த நாளுக்காக வைத்திருந்தான்.

பாதித் தெருவில் பரஞ்சோதி ஆள் மாற்றிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி, சற்று முன்னால் நின்ற சாரங்கனிடமும் கோதையிடமும் வந்தான். கூட்டம் நெருக்கியது. மேளம் கிட்டே வந்தது. கோதைக்கு முன்னால் முதுகுகள், முதுகுகள்.

"சாமி தெரியலப்பா!"

சாரங்கன் கவைக்கோலைச் சுவரில் சாத்தினான். முட்டியை மடக்கி மகள் முன்னால் உட்கார்ந்தான்.

"ஏறு."

பரஞ்சோதி அவனைப் பார்த்தான். பிறகு பழக்கதோஷத்தில் அவனும் பக்கத்தில் குந்தினான். "சாமி மூலை திரும்புற வரைக்கும்தான், கழுதை. யார் தோளு? சீக்கிரம் சொல்லு."

இரண்டு தோளும் ஒரே உயரம். கயிறு பிடித்து அளந்த தோள்கள்.

கோதை இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா மொட்டை" என்றாள். "பிடிச்சுக்க முடி இல்ல."

பரஞ்சோதி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாரங்கனின் முகத்தைப் பார்த்தான்.

சாரங்கன் அசையாமல் இருந்தான். வழக்கமாக இந்த இடத்தில் முதுகில் ஒன்று ஏறி உட்காரும். வரட்டும் என்று காத்திருந்தான். மேளம் அவர்களைத் தாண்டப் பார்த்தது.

அவன் வலக்காலை ஊன்றி, தொடையைப் படிபோல நீட்டினான்.

கோதை செருப்பைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். அவன் தொடையில் கால் வைத்து, பரஞ்சோதி மாமாவின் தோளில் ஏறிக்கொண்டாள்.