நாரைகள் வராத முதல் மழை

ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில், பெரிய கறையான் புற்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கீரிக்கூட்டம் குடியிருந்தது. கோடையில் அங்கே பூச்சிகூடக் கிடைக்காது. ஆனாலும் கீரிகள் கவலைப்படவில்லை. முதல் மழையன்று நாரைகள் வடக்கேயிருந்து கடல் தாண்டி வரும். அலகு நிறையக் காய்ந்த மீன் கொண்டுவரும்.

அதைச் சும்மா வாங்கிக்கொள்ளலாமா? மரியாதை வேண்டாமா? மழை தூறியதுமே கீரிகள் ஆற்றங்கரைக்கு ஓடி, பின்னங்காலில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடும். நாரைகள் இறங்கும்வரை நாள் முழுக்கப் பாட்டுத்தான். பாவம், பாதிப் பேருக்குக் கால் மரத்துப்போகும்!

அந்த வருஷம் ஒரு குருவி சேதி கொண்டுவந்தது. "நாரைங்க ஊர்ல ஏரி வத்திப்போச்சு. இனிமே மீன் வராதாம்!"

நீமா என்ற தாய்க்கீரி பதறிப்போனாள். பசியில் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. "ஐயோ, என் நாலு குட்டிகளும் என்ன ஆகும்?"

"குருவி பேச்சை நம்பாதே!" என்றார் தலைவர் கொம்போ. "நாம இன்னும் நல்லாப் பாடுவோம். அவங்க மனசு இளகாமலா போயிடும்?"

மழை வந்தது. எல்லாரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். நீமாவின் குட்டிகளுக்கோ நடக்கத் தெம்பில்லை. அவற்றை விட்டுப்போக மனம் வராமல் அவள் புற்றிலேயே தங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் ஒரு குட்டி கத்தியது. "அம்மா, நம்ம வீடு பறக்குது!"

புற்றின் ஓட்டைகளிலிருந்து ஈசல்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. நீமா அள்ளி அள்ளித் தின்றாள், குட்டிகளுக்கும் ஊட்டினாள். பிறகு கரைக்கு ஓடினாள்.

"கொம்போ அண்ணே! பாட்டை நிறுத்துங்க! வீட்டுக்கு வாங்க!"

கூட்டம் முழுக்க வந்து வயிறு புடைக்கத் தின்றது. மிச்சத்தை ஒரு குழியில் சேர்த்தும் வைத்தது. "இது எப்போலேர்ந்து வருது?" என்றார் கொம்போ, வாய் நிறைய ஈசலோடு.

"எல்லா வருஷமும் வந்திருக்கும் அண்ணே. நாமதான் வீட்ல இல்ல!"

மறுநாள் நாரைத் தலைவர் வந்தார். மெலிந்து போயிருந்தார். "வெறும் அலகோட வந்திருக்கேன்..." என்று தலைகுனிந்தார்.

"விருந்தாளி எதுக்குச் சுமை தூக்கணும்? உட்கார்ந்து சாப்பிடுங்க!" என்று நீமா ஈசல் பரிமாறினாள். நாரையின் கண் கலங்கிவிட்டது.

"ஏரி நிறைஞ்சதும் மறுபடி மீன் கொண்டு வரட்டுமா?"

"தாராளமா! ஆனா மழைக்கு மறுநாள் வாங்க. முதல் நாள் எங்களுக்கு வீட்ல வேலை இருக்கும்!"

அன்போடு வரும் உதவியை ஏற்கலாம். ஆனால் அதற்காகக் காத்து நின்று நம் வீட்டு விளைச்சலைத் தவற விடக் கூடாது.