ஆவுடை சாந்து வைக்காத கற்கள்

அந்தக் காலத்தில் மலையில் இருந்த உயிர்களெல்லாம் மனிதரோடு பேசிக்கொண்டுதான் இருந்தன. மனிதர்கள்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை. மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோதும் அதே கதைதான். இந்தப் பக்கம் ஏழு கண் பாலம், அந்தப் பக்கம் ஐந்து கண் பாலம், நடுவில் மலை. மலைக்குள் குடைந்த பாதையை அந்த வட்டாரத்தார் குகை என்பார்கள். அதற்குள் எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண்தான் இடம்.

குகையில் சாந்து சுமந்த சித்தாள்களில் ஒருத்தி ஆவுடை. கைக்குழந்தைக்காரி. வெளியே வெயில் பொசுக்கியதால் குகைச் சுவரில் ஆணி அடித்துத் தூளி கட்டி, குழந்தையை அதில் போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பாள்.

ஒருநாள் சுவர் கட்டும் இடத்துக்கு எறும்புத்தின்னி என்கிற அழுங்கு ஒன்று வந்தது. அழுங்குக்கு அப்போது முதுகில் செதிள் கிடையாது, வெறும் தோல்தான். கறையான் தின்கிற சாது. ஆனால் வாய் ஓயாது. விடிந்ததிலிருந்து யாரையாவது பிடித்து வைத்துப் பேசிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மட்டும் சுருக்கமாகப் பேசியது.

"மேஸ்திரி, இந்தச் சுவருக்குப் பின்னாலதான் என் பொந்து. குட்டி உள்ள கெடக்கு. நான் போய்வர ஒரு வழி விட்டுக் கட்டுங்க."

மேஸ்திரி வெயிலுமுத்து சிரித்துவிட்டார். "குகைன்னா உள்ள போக ஒரு வழி, வெளிய வர ஒரு வழி. பக்கவாட்டுல என்னத்துக்கு வழி? சுவர்ல ஓட்டை கெடந்தா துரை என் தோலை உரிச்சிருவாரு. போ, போ."

ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. தூளியைப் பார்த்தாள், அழுங்கைப் பார்த்தாள். கொத்தன் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், பொந்துக்கு நேராக ஒன்பது கற்களைச் சாந்து வைக்காமலே அடுக்கினாள். வெளியே தெரியாமல் இருக்க அதன்மேல் சுண்ணாம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள்.

"தள்ளுனா வந்துரும் அக்கா. யார்ட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றது அழுங்கு. அதன் வாய்க்கு அது பெரிய கஷ்டம்தான். ஆனாலும் சொல்லவில்லை.

சுவர் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமைதான் முதல் வண்டி என்று சொல்லியிருந்தார்கள். துரைக்கு என்ன அவசரமோ, புதன்கிழமை நடுப்பகலிலேயே எஞ்சினை மலை ஏற்றிவிட்டார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்க ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. உள்ளே ஆவுடை இருந்தாள். குகையின் நட்டநடுவில், சிதறிய ஜல்லியைத் தனியாக அள்ளிக்கொண்டிருந்தாள். தூளியில் குழந்தை தூங்கியது.

முதலில் தண்டவாளம் முனகியது. பிறகு பாலம் அதிர்ந்தது. எந்தப் பாலம்? அதுதான் ஆவுடைக்குத் தெரியவில்லை. குகைக்குள் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பும், வந்த திசையைக் காட்டாது. குழந்தையை வாரி இடுக்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடினாள். சத்தம் எதிரே வந்தது. திரும்பி இடப்பக்கம் ஓடினாள். அங்கேயும் எதிரே வந்தது. குகையின் இரண்டு முனையிலும் தெரிந்த வெளிச்சத்தில் ஒன்று சட்டென்று அணைந்தது. எஞ்சின் உள்ளே நுழைந்துவிட்டது. இனி மறுமுனைக்கு ஓடினாலும் பாதி வழியில் பிடித்துவிடும்.

"ஓடாத ஆவுடை! ஓடாத! சுவரைப் பிடிச்சு வா!"

அழுங்கின் குரல். சாந்து வைக்காத கற்கள் ஒவ்வொன்றாக வெளியே விழும் சத்தமும் கேட்டது. புகை வந்து கண்ணை மறைத்தது. ஆவுடை ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சுவருமாகத் தடவிக்கொண்டே போனாள். வழவழவென்ற சுவர், முடியவே மாட்டேன் என்றது.

"இங்கதான். இன்னும் நாலு எட்டு. இங்கதான், இங்கதான்!" வாய் ஓயாத அழுங்கு அன்று ஓயாமல் கத்தியதுதான் அவளுக்கு வழி காட்டியது.

கை பள்ளத்தில் விழுந்தது. குழந்தை மட்டும் நுழையும் அளவுக்குத்தான் பொந்து. உள்ளே வைத்தாள். அழுங்கு வாசலில் நின்று நகங்களால் மண்ணைப் பறித்து வீசியது. கால்களை மடக்கி ஒருக்களித்தாள், தோள் நுழைந்தது. தரை குலுங்கியது. இடுப்பு நுழைந்தது. முதுகு மட்டும் வெளியே நின்றது. அதற்குமேல் பறிக்க நேரமில்லை. அழுங்கு பாய்ந்து, அவள் முதுகை ஒட்டிப் பந்தாகச் சுருண்டு வாசலை அடைத்தது.

"அசையாத, ஆவுடை!"

எஞ்சின் உரசிக்கொண்டு போனது. கொதிக்கும் ஆவியும் நெருப்புக் கரியும் கல்சில்லும் அழுங்கின் வெறுந்தோலில் வந்து அப்பின. கத்துவதற்குத் திறந்த வாய்க்குள்ளும் அந்த ஆவி இறங்கியது.

எல்லாம் அடங்கிய பிறகு, "அக்கா!" என்று கூப்பிட்டாள் ஆவுடை. தடவிப் பார்த்தாள். உயிர் இருந்தது. முதுகு முழுக்கக் கல்லும் கரியும் இறுகி, ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. அழுங்கு வாயைத் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. மெல்ல நகர்ந்து போய்த் தன் குட்டியைச் சுற்றிச் சுருண்டு படுத்தது. ஆவுடை வாய்விட்டு அழுதாள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "சுவர்ல ஓட்டையா? எவ வச்சது?"

"நாந்தான் வச்சேன்," என்றாள் ஆவுடை, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. "அது இல்லைன்னா எங்க ரெண்டு பேரையும் இப்ப கூடையிலதான் அள்ளியிருப்பீக. கூப்பிடு தூரத்துக்கு இப்படி ஒரு பொந்து வெட்டுங்க. அதுவரைக்கும் ஒரு பொம்பளையும் இந்தக் குகைக்குள்ள கால் வைக்க மாட்டா."

பின்னால் நின்ற சித்தாள்கள் அத்தனை பேரும் கூடைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். மேஸ்திரி துரையிடம் போனார். வேறு வழி?

அன்று முதல்தான் மலைக் குகைச் சுவர்களில் ஆள் ஒதுங்க மாடம் வைத்துக் கட்டுகிறார்கள். அன்று முதல்தான் அழுங்கு ஆபத்தென்றால் குட்டியை நடுவில் வைத்துச் செதிளோடு பந்தாகச் சுருண்டுகொள்கிறது. யார் என்ன கேட்டாலும் அது பேசுவதில்லை. அது கடைசியாகச் சொன்னது ஆவுடையின் பெயரைத்தான்.