கடைமடையில் தொடங்கிய எண்ணெய்க் குழாய்

முன்னொரு காலத்திலே, ராஜா தும்மினால் ஊரே மூக்கைத் துடைத்துக்கொண்ட காலத்திலே, ஒரு ராஜாவுக்கு விசித்திரமான ஆசை வந்தது. மேற்கு மலையடியில் ஊறும் கறுப்பு எண்ணெய் அரண்மனை விளக்குகளுக்கு வண்டியில் வருகிறதே, அதைச் சுடுமண் குழாய் வழியே நாடு கடந்து கொண்டுவந்தால் என்ன?

அந்த மலையடியில்தான் விகடகவி உலகண்ணனின் வீடு. கண் தெரியாத மாமனாரை விட்டு வர முடியாமல் அவன் மனைவி பூவாயி அங்கேயே இருந்தாள். இவன் பேச்சில்லாமல் ராஜாவுக்குச் சோறு இறங்காது. அதனால் மூன்று வருஷமாக விடுப்பே இல்லை. சபையைச் சிரிக்க வைத்துவிட்டு, பாவம், மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

மந்திரி அனந்தராயருக்கோ அவன் மேல் வயிற்றெரிச்சல். குழாய்ப் பாதைக்கு அவர் நூல் பிடித்தார். அது சரியாகப் பூவாயியின் அடுப்படி வழியே போயிற்று!

எண்ணெய் வண்டிக்காரன் ஓடிவந்தான். "அண்ணே, உங்க வீட்டுல முளைக்குச்சி அடிச்சிட்டாங்க. அண்ணி அழுவல. 'இந்த வீடும் போச்சுன்னா அவரு எங்க வந்து என்னைத் தேடுவாரு'ன்னு மட்டும் கேட்டுச்சு."

உலகண்ணன் நேரே சபைக்கு நடந்தான்.

சபையில் மந்திரி சொன்னார்: "பிரபோ, பாதை எள்ளளவும் வளையலாகாது. வேலையை உலகண்ணனே நடத்தட்டும். மனைவியைக் காண ஏங்குகிறானே, கடப்பாரையோடு போய்க் காணட்டும்!"

"அப்படியே ஆகட்டும். கோடு வளைந்தால் தலை போகும்" என்றார் ராஜா.

மறுநாள் காலை மந்திரி வீட்டில் ஒரே கூக்குரல். ராஜா போய்ப் பார்த்தால், உலகண்ணனின் ஆட்கள் பூஜையறைச் சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்!

"உலகண்ணா, என்ன அக்கிரமம் இது?"

"வாய்க்கால் வேலையைத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் தொடங்குவதுதானே பிரபோ, நம் நாட்டு வழக்கம்? எண்ணெய்க்குக் கடைமடை அரண்மனை. நூல் பிடித்தேன், முதலில் மந்திரியார் வீடு வந்தது. வளைத்தால் தலை போகுமே!"

"ஊருக்குள் வந்ததும் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்..." என்று முனகினார் மந்திரி.

"அந்தக் கொஞ்சத்தை என் வீட்டிலும் வளையுங்கள், ஐயா. அங்கே ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோடு இரண்டு இடத்திலும் வளையட்டும்! உனக்கு என்ன வேண்டும்?"

"விடுப்பு, பிரபோ."

"தந்தேன். என் பல்லக்கில் போ."

"பல்லக்கு ஆடி அசைந்து போகும். குதிரை கொடுங்கள்."

"உனக்குக் குதிரையேறத் தெரியாதே, விழுந்து தொலைப்பாய்!"

"விழுந்தாலும் மேற்கே பார்த்துத்தான் விழுவேன், பிரபோ."

ராஜா சிரித்த சிரிப்பில் லாயமே மிரண்டது. இருந்ததிலேயே வேகமான குதிரையை அவிழ்க்கச் சொன்னார்.