முதல் நாளே முடிவு சொன்ன நரி

நாவற்காட்டு நரி நாவரசுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு உதைக்கத் தெரியாது என்று சொல்ல நன்றாகத் தெரியும்.

பயிற்சி தொடங்கும் நாளில் எல்லாருக்கும் முன்னால் வந்து மைதானத்து மேட்டில் இடம் பிடித்துவிடும். பக்கத்தில் கழுதை வெள்ளையன் உட்காரும். தலைக்கு மேலே கிளையில் காக்கை கரிச்சி உட்காரும். மற்ற ரசிகர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். மைதானத்தில் நடப்பதைவிட மேட்டில் நடக்கும் பேச்சுத்தான் அவர்களுக்குச் சுவை.

அந்த ஆண்டுப் பயிற்சியை எல்லாரும் கவலையோடுதான் பார்க்க வந்தார்கள். கோடை வந்தால் ஆறு வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சும். ஆற்றின் இந்தக் கரை நாவற்காடு, அந்தக் கரை மூங்கிற்காடு. இரண்டு காடுகளுக்கும் பந்தாட்டம் நடக்கும். வென்ற காடு அந்தக் கோடை முழுவதும் மடுவில் முதலில் குடிக்கலாம். தோற்ற காடு, மற்றவர்கள் இறங்கிக் கலக்கிய சேற்றைத்தான் குடிக்க வேண்டும். நாவற்காடு பல கோடைகளாகச் சேற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

பழைய ஆட்டக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்கள். அதனால் அணித்தலைவி காட்டெருமை பெரியதாயி இளசுகளை இறக்கியது. அதில் இரண்டு பேர்மேல் எல்லார் கண்ணும் இருந்தது. ஒன்று புள்ளிமான் சித்திரை. இன்னொன்று காட்டுப்பன்றிக் குட்டி கொம்பையா. பெயரில் கொம்பு இருந்ததே தவிர, அதற்கு இன்னும் கோரைப்பல்கூட முளைக்கவில்லை.

இரண்டு கறையான் புற்றுகளுக்கு நடுவே பந்து போனால் ஒரு கோல். வைக்கோலைச் சுருட்டிக் கொடியால் இறுக்கிக் கட்டியதுதான் பந்து.

பெரியதாயி பந்தை உருட்டிவிட்டது. கொம்பையா நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பந்தை நெருங்கியதும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பந்து ஒரு பக்கம் போனது. கொம்பையா நேரே போய்ப் புற்றில் மோதி, தலை உள்ளே மாட்டிக்கொண்டு, பின்னங்கால்களை உதறியது.

மேடு முழுவதும் சிரிப்பு!

"இது பன்றிக்குட்டி இல்லையப்பா! உருட்டிவிட்ட பலாப்பழம்!" என்றது நாவரசு.

"அதேதான் அண்ணே! பலாப்பழமேதான்!" என்றது வெள்ளையன்.

அடுத்துச் சித்திரை ஓடியது. காற்றாய்ப் பறந்தது. ஆனால் எதிரே யார் வந்தாலும் மிரண்டு வலது பக்கமே துள்ளியது. இடது பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"பார்த்தீங்களா? இவளுக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது! வலது பக்கம் மறிச்சு நின்னா போதும், ஆட்டம் குளோஸ்!"

"முதல் நாள்தானே நாவரசு? இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்றது கரிச்சி.

"ஒரு பார்வை போதும்! பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்! இந்தப் பலாப்பழமும் தேறாது, இந்தப் புள்ளிக்காரியும் தேற மாட்டா. எழுதி வெச்சுக்கோ!"

அன்று மாலைக்குள் காடு முழுவதும் கொம்பையாவுக்குப் 'பலாப்பழம்' என்று பெயர் வந்துவிட்டது. அணில் குஞ்சுகள்கூடக் கிளைக்குக் கிளை தாவி அதைச் சொல்லிச் சிரித்தன.

இரவு கொம்பையா ஒரு சேற்றுக் குழியில் முகம் புதைத்துக் கிடந்தது. சித்திரை தேடி வந்தது.

"நாளைக்கு வர மாட்டியா?"

"வர மாட்டேன். நான் ஓடினா எல்லாரும் சிரிக்கிறாங்க."

"என்னையும்தான் சொன்னாங்க. எனக்கும் ராத்திரிச் சாப்பாடு இறங்கலை."

"நீயாவது கண்ணைத் திறந்துக்கிட்டு பயப்படுறே. எனக்குப் பயம் வந்தாலே கண் தானா மூடிக்குது."

சித்திரை கொஞ்சம் யோசித்தது.

"அப்போ ஒண்ணு செய். பந்துகிட்ட போனதும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் எங்கே நிக்கிறேன்னு பார்த்துத்தானே கூப்பிடணும்? கண்ணைத் திறந்துதானே ஆகணும்?"

கொம்பையா சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கியது. "நான் கூப்பிட்டா நீ என் பக்கம் வரணும். நான் இடது பக்கம்தான் ஓடுவேன். வருவியா?"

சித்திரை தன் இடது பக்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. "வந்து பார்க்கிறேன்."

மறுநாள் காலை இரண்டும் சேர்ந்தே மைதானத்துக்கு வந்தன. பெரியதாயி எதுவும் கேட்கவில்லை. "ஓடுங்க" என்று மட்டும் சொன்னது.

அன்றும் கொம்பையா விழுந்தது. அதற்கு மறுநாளும் விழுந்தது. ஆனால் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. "சித்திரை! சித்திரை!" என்ற சத்தம் மைதானத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் பாதிக் கண் திறந்தது. பிறகு ஒருநாள் முழுக் கண்ணும் திறந்தது. சித்திரையும் முதலில் தயங்கித் தயங்கி இடது பக்கம் எட்டு வைத்தது. பிறகு அந்தப் பக்கமும் துள்ளப் பழகிக்கொண்டது.

நாவரசும் தினமும் மேட்டுக்கு வந்தது. ஆனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரசிகர்களைப் பார்த்துத்தான் உட்கார்ந்தது. பேச அதுதான் வசதி!

ஒருநாள் வெள்ளையன் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "அண்ணே, அந்தப் பலாப்பழம் இப்போ கண்ணைத் திறந்துக்கிட்டு ஓடுறாப்பல இருக்கே!"

"வெயில்ல உனக்குக் கண் கூசுது."

"மானும் இடது பக்கம் போவுதே!"

"அது திரும்பி வரும்போது அப்படித்தான் தெரியும். நான் முடிவு சொல்லியாச்சு இல்லே? அப்புறம் என்ன பார்வை?"

"அதேதான் அண்ணே!" என்று வெள்ளையன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டது.

ஆட்டம் நெருங்கிவிட்டது. அந்தச் சமயம் ஒரு கீரி மேட்டுக்கு வந்தது. பார்த்திராத முகம். ரொம்பப் பணிவாக நாவரசுக்கு முன்னால் குனிந்தது.

"நீங்கதானே நாவரசு அண்ணாச்சி? ஆட்டத்தைப் பத்திச் சொல்றதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு ஊரெல்லாம் பேச்சு! நேர்ல பார்க்கணும்னே நடந்து வந்தேன்."

நாவரசின் வால் தானாக ஆடியது. "உட்காரு தம்பி, உட்காரு! வெள்ளையா, நகர்ந்து இடம் கொடு!"

"நீ எந்தக் காடு?" என்று மேலேயிருந்து கேட்டது கரிச்சி.

கீரி பதில் சொல்வதற்குள் நாவரசு சீறியது. "ரசிகனுக்கு ஏது காடு? ஆட்டத்தை மதிச்சு வந்திருக்கான். நீ சும்மா இரு!"

பிறகு நரி வாயைத் திறந்தது. பொழுது சாயும்வரை மூடவில்லை.

"எங்க அணியைப் பத்திக் கேளு, சொல்றேன். பன்றிக்குட்டி ஒண்ணு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாயும். யாரும் மறிக்கவே வேண்டாம், ஒதுங்கி வழி விட்டா அதுவே புத்துல போய் முட்டிக்கும்! அப்புறம் ஒரு மான். வலது பக்கம் ரெண்டு பேரை நிறுத்தினா முடிஞ்சுது கதை. இடது பக்கம் அதுக்குச் சூனியம்!"

"அடடா! என்ன நுணுக்கம்! என்ன ஞானம்!" என்று கீரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. இருட்டுவதற்குள் ஆற்றைக் கடந்து, மூங்கிற்காட்டு அணித்தலைவன் கடமானிடம் போய் அவ்வளவையும் ஒப்பித்தது.

ஆட்ட நாள் வந்தது. ஆற்றங்கரையில் இருந்த அதே மைதானத்தில் இரண்டு காடும் திரண்டன. மடுவில் தண்ணீர் ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருந்தது. குட்டிகளைக் கூட்டி வந்த தாய்கள் அந்தத் தண்ணீரையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதுமே கடமான் ஒரு கோல் போட்டுவிட்டது. பெரியதாயி பாய்ந்தும் பந்து எட்டவில்லை.

பந்து கொம்பையாவிடம் வந்தது. இத்தனை பெரிய கூட்டத்தை அது பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து நாவரசு கத்தியது. "பலாப்பழம் உருளுது, வழி விடுங்க!" கூட்டம் சிரித்தது. கொம்பையாவின் கண் மூடிக்கொண்டது. மூங்கிற்காட்டார் ஒதுங்கி நின்றார்கள். கொம்பையா நேரே போய்ப் புற்றில் முட்டியது.

"நரி சொன்னது அச்சுப்பிசகலைடா!" என்று கடமான் தன் ஆட்களைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

கொம்பையா மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. சித்திரை பக்கத்தில் வந்து நின்றது.

"என்னைக் கூப்பிட மறந்துட்டியே."

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான். கூப்பிடு, வரேன்."

மறுபடி பந்து வந்தது. கொம்பையா ஓடியது. மேட்டில் நாவரசு என்னவோ கத்தியது. கொம்பையா அதைவிடப் பெரிதாகக் கத்தியது. "சித்திரை!"

கண் திறந்துகொண்டது. சித்திரை தொலைவில் தெரிந்தது. அதைவிட அதிசயமாக, எதிரே ஒருவர்கூட இல்லை! மூங்கிற்காட்டு அணி முழுவதும், இந்தத் தடவையும் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. காவலுக்கு நின்ற முள்ளம்பன்றிகூடப் புற்றுக்குப் பின்னால் போய், மோதும் வேடிக்கையைப் பார்க்கத் தயாராக இருந்தது.

கொம்பையா பந்தை மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளியது. பந்து உருண்டுபோய் இரண்டு புற்றுகளுக்கும் நடுவே நின்றது.

ஆளுக்கு ஒரு கோல்!

"தற்செயல்!" என்றது நாவரசு. இந்தத் தடவை வெள்ளையன் "அதேதான்" என்று சொல்லவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி நேரத்தில் பந்து சித்திரையிடம் வந்தது. கடமான் கத்தியது. "வலது பக்கம்! எல்லாரும் வலது பக்கம் மறிங்க!" மூங்கிற்காட்டார் அத்தனை பேரும் வலது பக்கம் சுவராக நின்றார்கள். இடது பக்கம் மணல்வெளி காலியாகக் கிடந்தது.

"சித்திரை! இங்கே!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கொம்பையா கூப்பிட்டது.

சித்திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு இடது பக்கம் துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே உதைத்தது. பந்து இரண்டு புற்றுகளுக்கும் நடுவே போனது!

நாவற்காடு அதிர்ந்தது. யானைக்குட்டிகள் பிளிறின. தாய்களும் குட்டிகளும் நேரே மடுவுக்கு ஓடினார்கள். பல கோடைகளுக்குப் பிறகு அவர்கள் தெளிந்த தண்ணீரில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். பெரியதாயி இரண்டு இளசுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் வந்தது.

நாவரசு முந்திக்கொண்டு முன்னால் நின்றது. "நம்ம பிள்ளைங்க! நான் அப்பவே சொன்னேனே!"

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீரி வந்தது. கோபத்தில் அதன் மயிர் குத்திட்டு நின்றது.

"யோவ் நரி! உன் பேச்சை நம்பி எங்க காடே நாசமாப் போச்சு! பன்றி கண்ணை மூடும்னே! மானுக்கு இடது பக்கம் சூனியம்னே! ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வெச்சுச் சொன்னியே, அதுல ஒண்ணாவது நிஜமாய்யா?"

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தனை தலைகளும் நாவரசு பக்கம் திரும்பின.

"ஓகோ! நம்ம ஆட்டத்தை எதிரிகிட்ட சொன்னியா?" என்றது பெரியதாயி. குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நாவரசின் வால் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது.

"அ... அது என் தந்திரம் அக்கா! எதிரியை ஏமாத்த வேணும்னே பொய்யாச் சொன்னேன்!"

வெள்ளையன் குழம்பிப்போய்க் கேட்டது. "அப்படியா அண்ணே? எங்ககிட்டயும் தினம் அதையேதானே சொன்னீங்க?"

மரத்தில் இருந்த கரிச்சி சிரித்த சிரிப்பில் கிளை தவறிக் கீழே விழப்போனது.

பெரியதாயி தீர்ப்புச் சொன்னது. "ஆட்டத்தைப் பத்தி இவ்வளவு பேசுற நீ, மேட்டுல உட்கார்ந்து வீணாகக் கூடாது. இனிமே மைதானத்துக்கு இறங்கு. முள்ளுப் புதருக்குள்ள போற பந்தையெல்லாம் நீதான் எடுத்து வரணும்."

மறுநாளே நாவரசு வேலையில் இறங்கியது. பந்தைக் கொடியோடு வாயில் கவ்விக்கொண்டுதான் வர வேண்டும். கவ்வியபடி ஒரு வார்த்தை பேச முடியாது! முதல் பந்திலேயே கால் இடறிப் புதருக்குள் குப்புற விழுந்தது. மூக்கெல்லாம் முள்.

மேட்டில் இப்போது வெள்ளையன் நடு இடத்தில் உட்கார்ந்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"ஒரு பார்வையிலேயே சொல்லிடலாம். இந்த நரிக்குப் பந்து பொறுக்கக்கூட..."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க!" என்று கொம்பையா கீழேயிருந்து குரல் கொடுத்தது. பிறகு புதருக்குள் நுழைந்து, நரியின் மூக்கில் தைத்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கியது.

முளை விடும்போதே இது காய்க்காத மரம் என்று முடிவு கட்டுகிறவன், கடைசியில் தன் அறியாமையைத்தான் ஊருக்குக் காட்டிக்கொள்கிறான்.