ஆளுக்கு ஒரு விரற்கடை

“பிள்ளைங்க பென்சிலைக் கீழே வச்சிட்டாங்க, மேடம்” என்றார் தெய்வசிகாமணி.

மலைமேல் முள்ளிக்கொம்பை என்ற சிறு குடியிருப்பில் அவர் கணக்கு வாத்தியார். எதிரே உட்கார்ந்திருந்த நூர்ஜகான், அடிவாரத்து ஊரில் வாத்தியார்களுக்கே பாடம் எடுப்பவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளிடம் யோசனை கேட்க அவர் மலையிறங்கி வந்திருந்தார்.

அவர் பட்டை வரைபடம் போட்ட தாளை விரித்தார்.

“மக்கள்தொகைப் பாடம். இது கீழே உங்க ஊர், ரெண்டு லட்சம் பேர். பக்கத்துல எங்க முள்ளிக்கொம்பை, எண்பத்து மூணு.”

தாளில் ஒரு பட்டைதான் இருந்தது.

“எங்களுது அடிக்கோட்டுத் தடிமன்லயே மறைஞ்சுபோச்சு. மாதின்னு ஒரு பொண்ணு எழுந்து, ‘நாங்க எங்க சார்?’னு கேட்டா. கோட்டுக்குள்ள இருக்கீங்கன்னேன். பென்சிலை வச்சிட்டா. அவளைப் பார்த்து மத்தவங்களும் வச்சிட்டாங்க.”

“அளவை மாத்திப் பார்க்கலையா?”

“பார்த்தேன். ஊருக்கு ஒரு தாள், எங்களுக்கு ஒரு தாள், தனித்தனி அளவு. ரெண்டும் ஒரே உயரத்துல வந்து நிக்குது. ‘அப்ப நாங்களும் ரெண்டு லட்சமா சார்?’னு ஒரே சிரிப்பு.”

நூர்ஜகானுக்கும் சிரிப்பு வந்தது.

“நீங்களும் சிரிங்க. நாளைக்கு நான் மலையேறணும். பதில் இல்லாம அந்த வகுப்புல கால் வைக்க மாட்டேன். வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன்.”

அவள் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

“உங்க விரலைத் தரையில வைங்க, சார்.”

வைத்தார்.

“அந்த அகலத்துக்குக் கோடு போடுங்க. யார் இது?”

“அளவு. ஒரு விரற்கடை.”

“யாருன்னு கேட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“மாதி.”

“அடுத்தது?”

“அவ தம்பி ரங்கன். அப்புறம் அவங்க அம்மா. தேன் எடுக்கிற ஜடையன். ஜடையனோட ரெண்டு பொண்டாட்டி... அதுல ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா.”

“திரும்பி வருவாளா?”

“வராம எங்க போவா.”

“அப்ப போடுங்க.”

மேசைக் காலடியில் தொடங்கிய முள்ளிக்கொம்பை வாசற்படியில் முடிந்தது. தெய்வசிகாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. எல்லோரும் இருந்தார்கள்.

“இப்ப ஊரைப் போடுங்க” என்றாள் நூர்ஜகான்.

“எங்க?”

“பக்கத்துலயே. அதே அளவு.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாக்பீஸ் டப்பாவையும் ஒரு கயிற்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

முழத்துக்கு இருபத்து நாலு விரல். தன் கையாலேயே ஐம்பது முழம் அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டார். ஒரு கயிற்று நீளத்தில் பதினாலு முள்ளிக்கொம்பை அடங்கும். கயிற்றை நீட்டினார், முனையில் கோடு கிழித்தார், மறுபடி நீட்டினார். வராந்தா தீர்ந்தது. கேட் தாண்டியது. கடைவீதி வந்தது.

ஐந்தாறு கயிறு வரை விளையாட்டாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு கோட்டையும் நின்று கவனமாகக் கிழித்தார்.

சர்பத் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னங் சார், ரோட்டை அகலப்படுத்தறாங்களா? என்ற வண்டி போயிருமா?”

“இல்லைங்க. ஊர்ல இருக்கிற ஆளுங்களை அளக்கிறேன்.”

“ஆளைக் கயித்துல அளக்கறீங்களா! வெயிலுக்கு ஒரு சர்பத்தைக் குடிங்க மொதல்ல.” கொடுத்துவிட்டுக் கேட்டார்: “அதுல நானு இருக்கறனா?”

தெய்வசிகாமணி தரையில் மண்டியிட்டு விரலை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு கிழித்தார்.

“இவ்வளவு இடம் உங்களுக்கு.”

வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். செருப்புக்கால் அதன்மேல் இருந்தது. சட்டென்று எடுத்துத் தள்ளி வைத்தார்.

“இந்தப் பக்கம்?”

“வேற யாரோ ஒருத்தர்.”

“அந்தப் பக்கம்?”

“அங்கயும் ஒருத்தர்.”

வண்டிக்காரர் நிமிர்ந்தார். கயிறு போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்த பூக்காரம்மா விடவில்லை. “எம் பேத்தி முந்தாநேத்துத்தானுங்க பொறந்தா. அவளுக்கு எடம் போட்டாச்சா?”

“கணக்கு எடுத்தப்ப அவ இல்லையேம்மா.”

“இப்ப இருக்கறாளே.”

தெய்வசிகாமணி தலையாட்டினார். கயிற்றை நீட்டினார்.

பேருந்து நிலையம் போனது. ஆஸ்பத்திரி போனது. அதற்கு அப்பால் வீடுகள் குறைந்தன, வயல் வந்தது, வரைபடம் முடியவில்லை. இருபது வருஷமாக ‘ரெண்டு லட்சம்’ என்று ஒரே மூச்சில் சொல்லி வந்தவர், ஒவ்வொரு முனையிலும் நின்று மூச்சு வாங்கினார்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஊர் முடிந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு விரற்கடை போட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். சாலை நெடுக வெள்ளைப் புள்ளிகள் சிறுத்துச் சிறுத்துப் போய்க் கண்ணுக்கு எட்டாத இடத்தில் எங்கோ மறைந்தன. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆயிரத்து இருநூறு பேர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட யாரோ இருப்பார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

நூர்ஜகான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“மேடம்” என்றார். “இவ்வளவு பேர்னு எனக்குத் தெரியாது.”

அவளும் அந்தச் சாலையைப் பார்த்தாள்.

“ஆனா பயமா இருக்கு. இதைக் காட்டினா மாதி இன்னும் சின்னதாயிட மாட்டாளா?” என்றார் அவர்.

நூர்ஜகான் குனிந்து, அந்தக் கடைசி விரற்கடையின் மேல் தன் விரலை வைத்தாள். மெலிந்த விரல். இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது.

“நீங்க அளந்தது உங்க விரல், சார்” என்றாள். “மாதி விரலால அளந்தா ஊர் எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியாது. அவகிட்டதான் கயித்தைக் கொடுத்துக் கேக்கணும்.”