எல்லைக்கல்லில் தொங்கிய தராசு

முன்னொரு காலத்தில், ஆப்பிரிக்கப் பெரும் பாலைவனத்துக்குத் தெற்கே, ஓர் ஆற்றின் இரு கரையிலும் தங்கம் கொழிக்கும் இரண்டு நாடுகள் இருந்தன. தென்கரை மன்னருக்கு ஒரே கவலை. தங்கம் தம்மிடம் அதிகமா, வடகரை மன்னனிடம் அதிகமா? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குடிமக்களின் நகைகளையெல்லாம் கருவூலத்தில் சேர்க்க ஆணையிட்டார். உள்ளே போன தங்கம் மன்னர் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது. இரு நாட்டிலும் அதுதான் வழக்கம்.

வராத நகை ஒன்றே ஒன்று. அரசவை விகடகவி அன்சாவின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய காது வளையம். அவன் மனைவி எஃபுவா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒரு வளையம் அவளோடு மண்ணுக்குள் போனது. மற்றது இது. அவள் இருந்தவரை, சபையில் சொல்லப்போகும் வேடிக்கையை முதலில் அவளிடம்தான் சொல்வான். அவள் சிரித்தால் வளையம் ஆடும். ஆடாவிட்டால் அந்த வேடிக்கையை வீட்டிலேயே விட்டுவிடுவான்.

கருவூலத் தலைவர் போவாடுவுக்கு அவனைக் கண்டாலே எரியும். "அரசே, விகடகவியின் கழுத்துக்கு மட்டும் விலக்கா?"

"கழற்று, அன்சா."

"வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன், அரசே."

போவாடு இதற்காகத்தான் காத்திருந்தார். "அப்படியானால் இரு நாட்டுத் தங்கத்தையும் ஒரே தராசில் நிறுத்துக் காட்டட்டும். ஆனால் எவருடைய தங்கமும் எல்லை தாண்டக் கூடாது. தோற்றால் வளையம் கருவூலத்துக்கு."

"அருமை!" என்றார் மன்னர்.

ஆற்று நடுவே மணல்திட்டில் இரு நாட்டாரும் கூடும் சந்தை உண்டு. மன்னரும் போவாடுவும் பார்த்திருக்க, அங்கே நின்ற உயரமான எல்லைக்கல்லில் அன்சா பெரிய தராசொன்றைத் தொங்கவிட்டான். ஒரு தட்டு இந்த நாட்டில், மற்றது அந்த நாட்டில்.

"எவரும் எல்லை தாண்ட வேண்டாம். போவாடு அவர்களே, நம் தங்கத்தை வையுங்கள்."

"கருவூலத்தைத் திறப்பதா? வழக்கம் தெரியாதா உனக்கு?"

"வடகரைக்காரர்களே, நீங்கள்?"

அந்தப் பக்கம் மீன் விற்றவள் சிரித்தாள். "எங்க ராசாவும் அப்படித்தான்யா. மோதிரம், தோடு எல்லாம் உள்ளே போயாச்சு. பாரு, காது மொட்டை!"

இரு தட்டும் வெறுமையாய் நேராக நின்றன.

"இரு நாட்டுத் தங்கமும் சமம், அரசே."

"சமமா? இதைக் கேட்கவா பல்லக்கில் வந்தேன்?"

அன்சா கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். விரல்கள் வளையத்தை உடனே விடவில்லை. பிறகு அதைத் தென்கரைத் தட்டின் சங்கிலியில் மாட்டினான். தட்டு இறங்கியது. ஆற்றுக் காற்றில் வளையம் ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்போது நமக்குத்தான் அதிகம், அரசே. இதையும் உள்ளே வைத்துப் பூட்டினால் மறுபடி சமம்."

மன்னர் தராசைப் பார்த்தார். போவாடுவைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ் போவாடு, இனி ஒரு நகையும் உள்ளே போகக் கூடாது! அன்சா, வளையம் உனக்கே. இந்தச் சந்தையில் நம் பக்கத்து வரியும் இனி உனக்குத்தான். என் பொற்கொல்லனிடம் சொல்லி இதற்கு ஜோடியும் செய்து தருகிறேன்."

அன்சா வளையத்தைக் கழற்றி மறுபடி கழுத்தில் கட்டிக்கொண்டான்.

"ஜோடி வேண்டாம், அரசே. அது அவளிடம் இருக்கிறது."