ராணி ஏன் திரும்பி வரல?

அந்தக் காலத்துல வேப்பங்கோட்டைன்னு ஒரு சீமை. அதை மருதவேலர்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு விஷயம் பிடிச்சுப்போச்சுன்னா அதை விடமாட்டாரு.

ஒருநாள் கடிகாரம் விக்க ஒரு வெள்ளக்காரர் வந்தாரு. ராஜா கடிகாரத்த வாங்கல. அவர்கிட்டருந்து ஒரு வார்த்தைய மட்டும் வாங்கிக்கிட்டாரு. ‘ஃபைண்ட் அவுட்.’ தெரியாத ஒண்ண விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிறதுக்கு அவங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்களாம்.

அன்னையிலருந்து அரண்மனைல வேற பேச்சே இல்ல.

“ரசத்துல உப்பு இல்ல. யாரு பண்ணதுன்னு ஃபைண்ட் அவுட்!”

“மழை ஏன் பெய்யல? ஃபைண்ட் அவுட்!”

மழைய விசாரிக்கப் போனவன் நனைஞ்சு திரும்பி வந்தான். நல்லா விசாரிச்சிருக்கான்னு ராஜா அவனுக்கு சால்வை போட்டாரு.

இதெல்லாம் சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா அந்த வருஷம் ராணி காந்திமதி தங்கச்சி கல்யாணத்துக்காக அம்மா வீட்டுக்குப் போனாங்க. தையில போனவங்க, மாம்பழம் பழுத்து விழுற காலம் வந்தும் திரும்பல.

ராஜா சாயங்காலமானா மாடி ஏறி மேக்கால போற பாதையப் பாத்துக்கிட்டு நிப்பாரு. தூரத்துல புழுதி கிளம்பினா எட்டிப் பாப்பாரு. மாடுங்க வரும். கீழ இறங்கிடுவாரு. வெத்தலை மடிச்சுத் தர ஆளுங்க வரிசையா நின்னாங்க. யார் மடிச்சாலும் அவருக்குப் பிடிக்கல. “சுண்ணாம்பு ஜாஸ்தி”ம்பாரு. அதுக்கப்புறம் சும்மா உக்காந்திருப்பாரு.

ராஜாவாச்சே, ‘அவ ஞாபகமாவே இருக்கு’ன்னு யார்கிட்ட சொல்றது? அதனால சபைல, “ராணி ஏன் வரல? ஃபைண்ட் அவுட்!”னு உறுமினாரு.

படைத்தலைவர் செங்கோடன் குதிச்சு எழுந்தாரு. மந்திரி ஏகாம்பரத்த கண்டாலே அவருக்கு வயிறு எரியும். “நான் போறேன் மகாராஜா!”

அந்தச் சீமைல ஒரு வழக்கம். ராஜா போகமுடியாத இடத்துக்கு அவரோட வாள் போகும். வாள் வந்தா ராஜாவே வந்த மாதிரி. ராஜா கல்யாணத்துக்குக்கூட பொண்ணு வீட்டுக்கு வாள்தான் போச்சு. காந்திமதி அதும் பக்கத்துல உக்காந்துதான் தாலி கட்டிக்கிட்டாங்க. இப்பவும் செங்கோடன் வாளைப் பல்லக்குல வெச்சு, மேளம் கொட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு.

திரும்பி வந்து, “ஃபைண்ட் அவுட் பண்ணிட்டேன்! அரண்மனைத் தண்ணி அம்மாவுக்கு ஒத்துக்கலயாம்”னாரு. ராஜா புதுசா கிணறு வெட்டினாரு. ராணி வரல.

மறுபடி போயிட்டு வந்து, “கட்டில் முதுகுல குத்துதாம்”னாரு. தச்சனுங்க ராவும் பகலும் இழைச்சாங்க. அப்பவும் வரல.

மூணாவது தடவை போயிட்டு வந்து செங்கோடன் குரலத் தாழ்த்தினாரு. “இதுல மந்திரி கை இருக்குமோன்னு தோணுது மகாராஜா. புத்திசாலின்னு பேரு வாங்கினவரு, அவரே ஃபைண்ட் அவுட் பண்ணட்டுமே. முடியலன்னா பதவிய வெச்சுட்டுப் போகட்டும்.”

ராஜாவுக்கு இருந்த ஏக்கத்துல, “சரி, நாளைக்குள்ள பதில் வேணும்யா”னுட்டாரு.

மறுநாள் ஏகாம்பரம் அந்த வாளை எடுத்துட்டு வந்து சிம்மாசனத்துல சாத்தி வெச்சாரு. ராஜா நின்னுக்கிட்டிருந்தாரு.

“மகாராஜா, வணக்கம்!” மந்திரி வாளுக்குக் கும்பிடு போட்டாரு. “நீங்க மூணு தடவ மாமனார் வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களே, அம்மா எப்படி இருக்காங்க? இளைச்சிட்டாங்களா? உங்களப் பாத்ததும் என்ன சொன்னாங்க?”

மந்திரி வாள்கிட்ட காதக் கொண்டுபோய் வெச்சாரு.

“என்கிட்ட பேசமாட்டேங்கறாரு. செங்கோடரே, கூடவே போனவரு நீங்க. நீங்க கேளுங்க.”

“என்னய்யா விளையாட்டு? வாள் எப்படிய்யா பேசும்?”

“பேசாதா?” மந்திரி ஆச்சரியப்பட்டாரு. “அப்ப அங்க போயி ராணியம்மாகிட்ட என்னத்தய்யா பேசியிருக்கும்?”

யாரும் சிரிக்கல. ராஜா முகத்தப் பாத்து அடக்கிக்கிட்டாங்க.

ராஜா மெதுவா கேட்டாரு. “செங்கோடா, நீ ராணிய நேர்ல பாத்தியா?”

“அது... வாளை வாசல்ல இறக்கி வெச்சோம் மகாராஜா. உள்ள போறது மரியாதை இல்லையே. தண்ணி எடுக்க வந்த பொம்பளைங்ககிட்ட...”

ராஜா விறுவிறுன்னு வெளிய நடந்தாரு. மேளம் இல்ல, குடை இல்ல. குதிரைய அவிழ்த்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

மாமனார் வீட்டு முத்தத்துல ராணி மாங்கா வத்தல் காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. நிமிந்து பாத்தாங்க. புழுதியில ராஜாவ அடையாளம் தெரியவே கொஞ்ச நேரமாச்சு.

“என்ன விசாரிக்க வந்தீங்க?”

“ஒண்ணும் விசாரிக்க வரல. நீ இல்லாம அங்க இருக்க முடியல.”

ராணி தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. “தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் ‘உன் வீட்டுக்காரர் எங்க’ன்னு கேட்டாங்க. நான் யாரக் காட்டுவேன்? இந்த ஒரு வார்த்தைய நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் பாதையவே பாத்துட்டிருந்தேன்.”

“நானும்தான் பாத்துட்டிருந்தேன், அந்தக் கோடியிலருந்து.”

“ரெண்டு பேருமே பாத்துட்டு நின்னா யாருங்க நடக்குறது?” புடவைத் தலைப்பால அவர் முகத்தத் தொடச்சு விட்டாங்க. “வாங்க, சாப்பிடுங்க. சாயங்காலம் போலாம்.”

ராணியோட வந்து சேந்ததும் ராஜா சபையக் கூட்டினாரு. வேப்பங்கோட்டைல புருஷன் வீட்டவிட்டு வந்து நிக்கிற பொண்ணுங்க குறையெல்லாம் அவங்கவங்க வாயாலயே கேட்டுட்டு வர்றது இனிமே செங்கோடன் வேலைன்னாரு. படைய வேற ஆள் பாத்துப்பாங்கன்னாரு. செங்கோடன் முகம் தொங்கிப் போச்சு. அந்தப் பொண்ணுங்க வாய்க்கு முன்னால போயி நிக்கிறதுக்கு யுத்தமே தேவலாம்.

“ஏகாம்பரம், உனக்கு என்ன வேணும்? நிலமா, யானையா?”

“கொஞ்ச நாள் லீவு குடுத்தா போதும் மகாராஜா.”

“எதுக்குய்யா?”

“ஆடியில அம்மா வீட்டுக்குப் போன என் வீட்டுக்காரி இன்னும் வரல. இந்தச் சபைய விட்டு நான் எங்க நகர முடிஞ்சுது?”

“போன ஆடியா? அடப்பாவி! இத்தன நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

பதில் சொல்ல மந்திரி அங்க இல்ல. தலைப்பாகைய இடுக்கிக்கிட்டு கோட்டை வாசலத் தாண்டிட்டாரு. ராஜாவும் ராணியும் மாடி ஏறிப் பாத்தாங்க. அந்த வயசுல அந்த ஓட்டம் ஓடி யாரும் பாத்ததில்ல.